ஒட்டி நின்ற செங்கல்

அந்தச் சத்திரத்துக்குள் நான் முதன்முதலாகப் போனபோது என் தலையில் சிமெண்ட் கலவை இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தாள் வேலைக்குப் புதிது. சும்மாடு நழுவாமல் ஏணி ஏறுவதே பெரிய வித்தையாக இருந்த நாட்கள்.

வெளியூரிலிருந்து கோயில்களுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய சத்திரம் அது. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் கருங்கல் தூண் நிறுத்திய தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். மேல்தளம் ஒழுகுகிறது என்று அதை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்திருந்தார்கள். பழைய தளத்தின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்ட் போட்டு மூட வேண்டும், சுவரில் உதிர்ந்த இடத்திலெல்லாம் சிமெண்ட் பூச வேண்டும். அதுதான் வேலை. பன்னிரண்டு நாள் ஏறி இறங்கினேன். கடைசி நாள் மேலே நின்று பார்த்தபோது தளம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. தூரத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கோபுரங்கள். ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

பதினாறு வருடம் கழித்து, ஓர் ஐப்பசி மழையில், அந்தத் தளம் விழுந்தது.

சத்திரத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு நெசவாளர் இருக்கிறார். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தறியில் ஏற்றும் முன் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். பாவு நீட்டுவது என்று அதற்குப் பெயர். மழை நாளில் தெருவில் முடியாது என்பதால் அவர் வீட்டார் சத்திரத்துக் கிழக்குத் தாழ்வாரத்தில் நீட்டுவது வழக்கம். அன்றைக்கும் நீட்டியிருந்தார். டீ குடிக்க வீட்டுக்குள் போன நேரத்தில் தாழ்வாரத்துக் கூரை முழுக்க இறங்கிவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. அரக்குச் சிவப்புப் பாவு மட்டும் இடிபாட்டுக்கு அடியில் போனது.

காலையில் நாங்கள் வேலைக்கு ஆள் நிற்கும் முனையில் இந்தச் செய்தி வந்தது. எல்லோரும் பாவுக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டு நாட்கள் ஞாபகம் வந்தன. நாங்கள் போட்ட தளம் அது. எப்படி விழும்?

சத்திரத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு எழுந்தது. நெசவாளர் கூட்டத்துக்கே போய்ச் சண்டை போட்டாராம். "கல்யாண மண்டபம் தெருவுக்கு ரெண்டு இருக்குதுங்க. இந்த மாதிரி தூணு எங்க இருக்குது, காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். பாவு போன மனிதரே இடிக்கக் கூடாது என்று சொன்னதால் அவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற பெண் இன்ஜினியர் ஒருவரைச் சென்னையிலிருந்து கூட்டி வந்து காட்டினார்கள். காப்பாற்றலாம், ஆனால் கெட்டுப்போன மற்ற தளங்களையும் பிரித்துப் பழைய முறையில்தான் செய்ய வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார் அவர். சம்மதித்தார்கள். சித்தாள்கள் வேண்டும் என்று ஆள் தேடி வந்தபோது நான் வேறு வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். விழுந்ததை என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் வாரம் முழுக்க இடிபாட்டை அள்ளினோம். ஒருநாள் இன்ஜினியர் ஒரு சிமெண்ட் பாளத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்.

"இதை யார் போட்டாங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

பேசாமல் இருந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"நாங்கதான் மேடம்."

"நீங்கன்னா?"

"நான்தான் தூக்கினு வந்து கொட்டனேன். பதினாறு வருசம் ஆவுது."

திட்டி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சுவர் ஓரமாகக் கிடந்த ஒரு தேக்குச் சட்டத்தைக் காட்டி, நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அழுத்தியதும் விரல் உள்ளே போனது. ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது மரம்.

"சுண்ணாம்பு மூச்சு விடும்க்கா. ஈரம் உள்ள போனாலும் வெளிய வந்துடும். மேல சிமெண்ட் போட்டதும் அந்த வழி அடைச்சுப் போச்சு. கீழ ஒழுகலைன்னு எல்லாரும் சந்தோஷமா இருந்திருப்பாங்க. தண்ணி சுவருக்குள்ளயே தங்கி, மரத்தோட நுனிய அரிச்சிருக்கு."

"அப்போ எங்களுக்கு யாரும் சொல்லல மேடம்."

"உங்களைச் சொல்லல. செய்யச் சொன்னவங்களுக்கே தெரியாது."

அவர் அப்படிச் சொன்னாலும் அந்த மரத்தின் ஈரம் வெகு நேரம் என் விரலில் இருப்பது மாதிரி இருந்தது. இந்த வேலை முடியும்வரை இங்கேதான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சுண்ணாம்பு வேலைக்கு ஒரு மேஸ்திரி வந்தார். சிவகங்கைப் பக்கம். முப்பது வயதுதான் இருக்கும், என்னைவிடச் சின்னவர். அவர் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசியவர்களாம். அவர் பேச்சு எங்களுக்கு வேடிக்கை. எங்கள் 'வந்துக்கினு போயிக்கினு' அவருக்கு வேடிக்கை. கோபம் வராத மனிதர். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பெண்கள் கையில் பூசுகிற கரணையைக் கொடுக்கமாட்டார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "எனக்கும் கத்துக்குடு மேஸ்திரி. பூசறதாவது பூசறனே."

"கரணை சும்மா ஆசைக்குப் பிடிக்கிற சாமான் இல்லக்கா. கைக்குப் பழகணும். உங்களுக்குக் கலவைதான் நல்லா வருது, அதைப் பாருங்க."

எத்தனையோ வருடங்களாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைக் கொத்தனார் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் அவர் சொன்னது புதிதல்ல. இருந்தும் உறைத்தது.

கலவை எனக்கு நன்றாக வந்தது என்னவோ உண்மை. தொட்டியில் வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அதை மணலோடு அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊறவைத்த தண்ணீர் நாள் ஆக ஆகப் புளித்து, கள்ளுக்கடை மாதிரி மணக்கும். தேனீக்கள் வந்து மொய்க்கும். அந்தத் தண்ணீரை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு அளவு இருந்தது. ஆனால் வெயிலுக்கும் மப்புக்கும் அது மாறும். சட்டியைக் கவிழ்த்தால் கலவை விழாமல் இரண்டு மூச்சு நிற்க வேண்டும், பிறகு மெல்ல நழுவ வேண்டும். நானே கண்டுபிடித்துக்கொண்ட கணக்கு இது. மேஸ்திரி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மற்றவர்கள் கலந்ததையும் என்னிடம் காட்டச் சொன்னார்.

அந்தக் காலத்து மேல்தளத்தில் கம்பியும் கிடையாது, பலகை அடித்து முட்டுக் கொடுப்பதும் கிடையாது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே எதுவும் தாங்காது. ஒரு செங்கல் பக்கத்துச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் சுண்ணாம்பு மட்டும். முதல் அறைக்கு மேஸ்திரி அதைச் செய்தபோது நான் சட்டியோடு கீழே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் செங்கல் நிற்கிறது! கரணையால் ஒரு தட்டு, கையை எடுத்துவிட்டார், அது அப்படியே நிற்கிறது.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் சத்திரத்தின் பின்கட்டில் எனக்கு வேலை இருந்தது. பழைய சட்டம் இரண்டைக் கல்லின் மேல் போட்டு, கழித்த செங்கல்லையும் மிஞ்சிய கலவையையும் வைத்து ஒட்டிப் பார்த்தேன். முதல் நாள் எல்லாமே விழுந்தன. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் மதில் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வெச்சிட்டுத் தொட்டுக்கினே இருக்கறியேம்மா, அதான் வுழுது."

அடுத்த வீட்டு நெசவாளர். எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"உங்களுக்குக் கொத்து வேலகூடத் தெரியுமாண்ணா?"

"எனக்கு இன்னா தெரியும்? அறுந்த இழைய முடிஞ்சா வுட்டுடுவோம். சரியா முடிஞ்சமான்னு மறுபடி இழுத்துப் பார்த்தா அவுந்துக்கும். உன்னப் பார்த்தா அப்படித்தான் இருக்குது."

அவர் சொன்னது சரி. வைத்த கல்லை நம்பாமல் நான் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்ட பிறகு நான்கு கல் நின்றது. ஒரு மாதத்தில் இரண்டு வரிசை நின்றது. மேஸ்திரிக்குத் தெரியாமல் மறுபடி கலைத்துவிடுவேன்.

அறைகள் மூன்றும் முடிந்து, கிழக்குத் தாழ்வாரத்துக்குச் சட்டம் ஏற்றிய நேரத்தில் மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கினாலும் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. விரல் மடங்கவில்லை. டம்ளரையே இரண்டு கையால் பிடித்தவர் கரணையை எப்படிப் பிடிப்பார்? ஊருக்கு அனுப்பி வைத்தோம். புரட்டாசி பிறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டாலும் பெரிய மழைக்குச் சுவரின் தலை ஊறிவிடும், ஊறினால் சுவரே போய்விடும் என்று இன்ஜினியர் கவலைப்பட்டார். தெரிந்த சுண்ணாம்புக் கொத்தனார்களுக்கெல்லாம் போன் போட்டார். யாரும் தீபாவளிக்கு முன்னால் வருவதாக இல்லை. இங்கே இருந்த இரண்டு கொத்தனார்களும் சிமெண்ட் வேலைக்காரர்கள். தட்டை ஓடு பதிப்போம், இந்த அந்தரத்து வேலைக்கு நாங்கள் ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

நான் இன்ஜினியரிடம் போய் நின்றேன்.

"மேடம், ஒரு தபா பின்னால வந்து பாருங்க."

அன்றைக்கு ஒட்டிய மூன்று வரிசையை நான் கலைக்காமல் வைத்திருந்தேன். அவர் குனிந்து அடியிலிருந்து பார்த்தார். விரலால் சுண்டினார். தன் எடை முழுவதையும் கையில் கொடுத்து மேலிருந்து அழுத்தினார்.

"யார் வெச்சது?"

"நான்தான்."

"எத்தனை நாளா பண்றீங்க?"

"சித்திரையிலேருந்து."

அவர் உடனே மேஸ்திரிக்கு வீடியோ கால் போட்டு, போனைச் செங்கல்லுக்கு நேராகக் காட்டினார். மேஸ்திரி கட்டிலில் படுத்தபடியே பார்த்தார். இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார்.

"அக்கா, எனக்குத் தெரியாமத்தான பண்ணிருக்கீக?" என்றார்.

"ஆமா."

"களவாணித்தனம்." சிரித்தார். "மேடம், அவுக வைக்கட்டும். நான் இங்கிட்டு இருந்து பார்த்துக்கிறேன். என் கரணை பைக்குள்ள இருக்குக்கா. அதையே எடுத்துக்கங்க."

மறுநாள் காலை சாரத்தில் ஏறினேன். கீழே எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கல்லை வைத்தேன். விழுந்தது. இரண்டாவது வைத்தேன். அதுவும் விழுந்து, சரியாக இன்ஜினியர் காலடியில் உடைந்தது. கீழே யாரோ உச்சுக் கொட்டினார்கள். கலவையைப் பார்த்தேன். நான் மேலே ஏறிவிட்டதால் அன்றைக்கு வேறொருத்தி கலந்திருந்தாள், தண்ணீர் ஒரு கை அதிகம். இறங்கி வந்தேன். சட்டியை எடுத்து நானே கலந்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், மறுபடி ஏறினேன். மூன்றாவது கல் நின்றது. கையை எடுத்துவிட்டு அதைப் பார்க்காமலேயே நான்காவதை எடுத்தேன்.

பதினொரு நாள். ஒவ்வொரு சாயங்காலமும் போனில் மேஸ்திரிக்குக் காட்டுவோம். "அந்த மூணாவது வரிசை வயித்த தள்ளுது, எடுத்துருங்க" என்பார். எடுத்துவிட்டு மறுபடி வைப்பேன். கோடு வளையாமல் இருக்க நெசவாளர் பட்டு இழையை முறுக்கிக் கொடுத்தார். நைலான் கயிற்றைவிட மெல்லியது, தொய்வே இல்லை.

செங்கல் முடிந்ததும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். ஒன்பது பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து நான்கு நாள் அடித்தோம். முதல் நாள் சத்தம் மொத்தென்று இருந்தது. நான்காம் நாள் கட்டை எகிறியது, வெண்கலத்தைத் தட்டின மாதிரி கேட்டது. ஆளாளுக்கு மாமியாரைத் திட்டிப் பாட்டுக் கட்டி அடித்ததில் தெருவே மேலே பார்த்துச் சிரித்தது. பிறகு இரண்டு கொத்தனார்களும் தட்டை ஓடு பதித்து, மேலே சுண்ணாம்பு பூசி இழைத்தார்கள். தளம் முட்டை ஓடு மாதிரி மின்னியது.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. இன்ஜினியரும் நாங்களும் தாழ்வாரத்தில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முற்றத்தில் மழை கொட்டுகிறது, தாழ்வாரத்தில் புழுதி காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் எனக்குத் தைரியம் வரவில்லை. போன முறையும் ஒழுகாமல்தானே இருந்தது?

அப்போது அடுத்த வீட்டிலிருந்து நெசவாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். கையில் சுருட்டிய பாவு. மயில்கழுத்து நிறம். ஒன்றும் கேட்காமல் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் ஒரு நுனியைக் கட்டி, அந்தக் கோடிவரை நீட்ட ஆரம்பித்தார்.

"அண்ணா, இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு நீட்டக்கூடாதா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீதானம்மா வெச்ச?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தளத்துக்குக் கீழே, கொட்டுகிற மழையில், தன் பட்டு இழைகளை நீட்டி வைத்துவிட்டு இழை பார்க்க உட்கார்ந்துவிட்டார். போன தடவை இதே இடத்தில் ஒரு பாவு முழுவதையும் பறிகொடுத்த மனிதர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் என் தோளில் கை வைத்தார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

கார்த்திகையில் மேஸ்திரி திரும்பி வந்தார். பையை வைக்காமலேயே தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அண்ணாந்தபடி நடந்தார். ஓர் இடத்தில் நின்று, "இந்த மூலை கொஞ்சம் அவசரப்பட்டிருக்கீக" என்றார். அது உண்மை. கடைசி நாள் வைத்தது. வேறெங்கும் குறை சொல்லவில்லை. நான் கரணையைக் கழுவித் துடைத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மேற்குப் பக்கத்து வேலை தொடங்கும்போது புதுக் கரணை ஒன்றை என்னிடம் கொடுத்து, "நான் இந்த மூலையிலேர்ந்து வாரேன். நீங்க அந்த மூலையப் பிடிங்கக்கா" என்றார். மேற்குத் தளத்தை நாங்கள் இருவரும் இரு மூலையிலிருந்தும் ஒட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தோம். வருகைப் பதிவில் என் பெயர் சித்தாள் பக்கத்திலிருந்து கொத்தனார் பக்கத்துக்குப் போனது.

எல்லாம் முடிந்து சத்திரத்தைத் திறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமலிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தேன். எழுபதைத் தாண்டியவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்றும் சேறுமாக இருந்தவர். வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சந்துக்குத் திரும்பினார்.

"எங்கப்பா போற?"

"பின்னால வழி இருக்குதும்மா. சின்னப் புள்ளையில திருவிழாவுக்கு வந்தா, நம்மள அந்தச் சந்துலதான் உக்கார வெச்சிச் சோறு போடுவாங்க. உள்ளெல்லாம் வுடமாட்டாங்க."

இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனேன். தாழ்வாரத்தில் நின்று, "எது நீ செஞ்சது?" என்று கேட்டார். மேலே காட்டினேன். கழுத்து வலிக்கிறது என்றவர், துண்டை உதறித் தரையில் விரித்து அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

"கீழ ஒண்ணும் முட்டு இல்லியே. எப்படிம்மா நிக்குது?"

"ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு நிக்குதுப்பா."

ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வரிசையை விரல் விட்டு எண்ணினார். பாதியில் கண் மூடிவிட்டது. குளிர்ந்த கருங்கல் தரையில், யாத்திரைக்காரர்கள் தூங்கிய இடத்தில், என் அப்பா வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். கதவைக் காக்கும் வாட்ச்மேன் வந்து பார்த்தார். "எங்கப்பா" என்றேன். தலையாட்டிவிட்டு ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் தாமல் பஸ்ஸில் அவரை ஏற்றி, நானும் கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார்.

"காஞ்சிபுரத்துல அந்தப் பெரிய சத்திரம் இருக்குது பாரு, தூணு வெச்சது. அது மொத்தமும் என் பொண்ணு கட்டனதுதான்."

"மொத்தமும் இல்லப்பா" என்று நான் குறுக்கிட்டேன். "ஒண்ணரைத் தாழ்வாரம்தான்."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அந்த ஆளின் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "கொத்தனாரு."